தானே புயலை யார் வரைவாங்க?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா காடாம்புலியூர், பண்ருட்டியில இருந்து நெய்வேலி போற வழியில இருக்கு. ராத்திரி சாப்பிட்டுட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்தப்போ அக்கா பொண்ணு வந்து பக்கத்துல உட்கார்ந்தா. பிளஸ் டூ படிக்கிறா. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "மாமா, நான் அனிமேஷன் படிக்கட்டுமா?"ன்னு கேட்டா. உள்ளேயிருந்து அக்கா குரல் வருது: "டேய், நீயாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுடா."

நான் எதுவும் எடுத்துச் சொல்லல. "யோசிச்சுச் சொல்றேன் பாப்பா"ன்னு சொல்லிட்டு சென்னைக்கு பஸ் ஏறிட்டேன். இந்த எபிசோடு அந்த யோசனைதான்.

முதல்ல ஒண்ணை ஒத்துக்கணும். நாலு வருஷம் முன்னாடி இதே கேள்வியை யாராவது கேட்டிருந்தா, "ஜப்பானைப் பாரு, கார்ட்டூனை வெச்சே ஒரு நாடு முன்னேறிடுச்சு, நாமளும் பண்ணணும்"னு ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். எண்களும் அப்படித்தான் இருக்கு. 2023-ல் உலகம் முழுக்க அனிமே சந்தையோட மதிப்பு 3.3 லட்சம் கோடி யென்னைத் தாண்டிடுச்சு. அதுல பாதிக்கு மேல ஜப்பானுக்கு வெளியில இருந்து வருது. 2008-ல் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம் டோரேமானையே அனிமே தூதரா நியமிச்சது. ஒரு நீலப் பூனையை! இதையெல்லாம் கேட்டா நமக்கும் ஒரு வேகம் வரும்தானே?

ஆனா கதையை ஆரம்பத்துல இருந்து பார்த்தா வேற மாதிரி இருக்கு. 1956-ஐ எடுத்துக்கோங்க. அந்த வருஷம் டோக்கியோவில் டோயே நிறுவனம் தன்னோட அனிமேஷன் ஸ்டுடியோவைத் தொடங்குது. அதே காலத்துல மும்பையில, நம்ம மத்திய அரசோட ஃபிலிம்ஸ் டிவிஷன்ல கார்ட்டூன் பிரிவு உருவாகுது. டிஸ்னியில வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி கொடுக்கிறார். அங்கே கத்துக்கிட்டவர்கள்ல ஒருத்தர்தான் ராம் மோகன். அவரை இந்திய அனிமேஷனோட தந்தைன்னே சொல்வாங்க. ஆக, ரெண்டு நாடும் கிட்டத்தட்ட ஒரே கோட்டுல நின்னுதான் ஓட ஆரம்பிச்சிருக்கு.

அப்புறம் என்ன ஆச்சு? நம்ம பிரிவு பெரும்பாலும் அரசு சொல்ல நினைச்ச விஷயங்களைப் படமா எடுத்தது. அதுவும் தேவைதான், குறை சொல்லல. அங்கே 1963 ஜனவரி 1-ம் தேதி ஒசாமு தெசுகாவோட 'ஆஸ்ட்ரோ பாய்' டிவியில வருது. வாரா வாரம் அரை மணி நேரம். அவ்வளவு படம் வரைய ஆளும் இல்ல, பணமும் இல்ல. அதனால ஒரு வினாடிக்கு வரையற படங்களைக் குறைச்சாங்க. வாய் மட்டும் அசையும், உடம்பு அப்படியே நிக்கும். வரைஞ்சதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாங்க. சாஃப்ட்வேர்காரனா எனக்கு இது நல்லாப் புரியும்: கையில இருக்கிற பட்ஜெட்டுக்குள்ள வாரா வாரம் ரிலீஸ் பண்ணியே ஆகணும்!

இதுக்கு ஒரு விலையும் இருந்தது. தெசுகா ரொம்பக் குறைஞ்ச தொகைக்கு அந்தத் தொடரை டிவிக்குக் கொடுத்தார். அன்னைக்கு ஆரம்பிச்ச அந்தக் கணக்கோட சுமை இன்னைக்கும் ஜப்பான்ல இளம் அனிமேட்டர்கள் தலையிலதான் விழுது. குறைஞ்ச சம்பளம், ராத்திரி பகலா வேலை. "ஜப்பான் மாதிரி ஆகணும்"னு சொல்றவங்க இதையும் சேர்த்துச் சொல்லணும்.

ஆனா அந்த வாரா வார ஓட்டத்துல இன்னொண்ணு நடந்தது. அவங்க பிள்ளைகளுக்கு அவங்க தெருவையே காட்டினாங்க. ஷின்சான் வாழற கசுகாபே நிஜமான ஊரு, சைத்தாமா மாகாணத்துல இருக்கு. என் அக்கா பொண்ணு தமிழ்ல டப் பண்ணின ஷின்சானைப் பார்த்து வளர்ந்தவ. கசுகாபேல பள்ளிக்கூட வேன் எப்படி வரும், ராத்திரி என்ன சாப்பிடுவாங்கன்னு அவளுக்குத் தெரியும். பண்ருட்டிப் பலாப்பழமோ முந்திரித் தோப்போ ஒரு கார்ட்டூன்ல வந்து அவ பார்த்ததே இல்ல.

சரி, அவங்க உத்வேகத்தை நாம வாங்கிக்க முடியாதா? முயற்சி பண்ணியிருக்காங்க. 1960-கள்ல ஜப்பான் வேகமா வளர்ந்த காலத்துல 'கியோஜின் நோ ஹோஷி'ன்னு ஒரு பேஸ்பால் கதை அங்கே பெரிய ஹிட். ஏழைப் பையன், கண்டிப்பான அப்பா, வெறித்தனமான பயிற்சி. அதை 2012 டிசம்பர்ல 'சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்'னு இந்தியாவுக்காக மாத்தி, கலர்ஸ் சேனல்ல போட்டாங்க. பேஸ்பால் கிரிக்கெட் ஆச்சு, டோக்கியோ மும்பை ஆச்சு. பையன் உடம்புல மாட்டிக்கிற ஸ்பிரிங் கவசத்துக்குப் பதிலா சைக்கிள் டியூப். ஜப்பான் கம்பெனிகள் விளம்பரமும் கதைக்குள்ளேயே வரும். நல்ல எண்ணத்தோடதான் பண்ணியிருப்பாங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்கூட அதைப் பார்த்ததா சொன்னதில்ல. இன்னொருத்தர் தைச்ச சட்டையோட கையை மட்டும் வெட்டிப் போட்டுக்கிட்ட மாதிரி எனக்குத் தோணுது.

இப்போ நான் உண்மையில சொல்ல வந்த விஷயம். 2023 ஏப்ரல்ல சென்னையில நண்பர்களோட மகோதோ ஷின்காயோட 'சுசுமே' பார்த்தேன். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துலயும் சுனாமியிலயும் அம்மாவை இழந்த பொண்ணோட கதை. ஒரு காட்சி. சின்ன வயசுல எழுதின டைரியை அவ திறப்பா. மார்ச் 11-ம் தேதி வந்ததும் பக்கம் முழுக்க கறுப்பு கிரேயான். அடுத்த பக்கமும் கறுப்பு. அதுக்கு அடுத்ததும்.

தியேட்டர்ல என்னால அதுக்கு மேல சரியா பார்க்க முடியல. ஏன்னா அதே 2011-ல் டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் எங்க ஊருக்குள்ள வந்தது. எனக்கு அப்போ 14 வயசு. ராத்திரி முழுக்க ஓடு பறக்கிற சத்தம். விடிஞ்சு பார்த்தா தாத்தாவோட முந்திரித் தோப்பு தரையில படுத்துக் கிடக்கு. அவர் வெச்ச மரம், அவங்க அப்பா வெச்ச மரம் எல்லாமே. தாத்தா அழல. ஒவ்வொரு மரமா போய் வேரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டு வந்தார். பல நாளு கரண்ட் இல்ல. நான் கணக்கு நோட்டோட பின்பக்கத்துல அந்த மரங்களை வரைஞ்சேன். பக்கம் பக்கமா விழுந்த மரம் மட்டும்தான்.

அந்த நோட்டை இன்ஜினியரிங் சேர்றதுக்கு முந்தின போகியில நானே எரிச்சேன். யாரும் எரிக்கச் சொல்லல. இனிமே இதெல்லாம் எதுக்குன்னு எனக்கே தோணுச்சு.

ஜப்பானுக்கு அந்த மார்ச் வலிச்ச மாதிரிதான் எங்களுக்கு அந்த டிசம்பர் வலிச்சது. அளவு வேற, அதை ஒப்பிடல. ஆனா அவங்க வலியை அவங்களே வரைஞ்சாங்க, காடாம்புலியூர்க்காரன் ஒருத்தன் சென்னையில உட்கார்ந்து அதைப் பார்த்து அழறான். எங்க புயலை யார் வரைஞ்சா? முன்னேற்றம்னு நாம பேசறதுல இதுவும் சேரணும்னு நினைக்கிறேன். தனக்கு நடந்ததைத் தானே சொல்லத் தெரியணும். பணமும் பெருமையும் பின்னாடி வரலாம், வராமலும் போகலாம்.

நம்மகிட்ட திறமை இல்லாம இல்ல. 2000-லயே சென்னையில பென்டாமீடியா 'பாண்டவாஸ்'னு முழு நீள 3டி படம் எடுத்தது. ஜப்பான்காரர் யுகோ சாகோவும் ராம் மோகனும் சேர்ந்து 1992-ல் உருவாக்கின ராமாயணப் படம் 2025 ஜனவரியில தமிழ் பேசிக்கிட்டு தியேட்டருக்கு வந்தது. அதே வருஷம் 'மகாவதார் நரசிம்மா' 300 கோடிக்கு மேல வசூல் பண்ணுச்சு. புராணத்தை வரையறதுக்கு வழி திறந்தாச்சு. தோப்பை வரையற வழிதான் இன்னும் திறக்கல.

மத்தபடி நம்ம ஊர்ல இந்தத் தொழில் பெரும்பாலும் வெளிநாட்டுப் படங்களுக்கான கூலி வேலைதான். எங்க ஊர் ஆளுங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆப்பிரிக்காவுல இருந்து முந்திரிக் கொட்டை மூட்டை மூட்டையா வரும். எங்க பெண்கள் கையில சாம்பலைப் பூசிக்கிட்டு உடைப்பாங்க. பால் பட்டு விரல் கறுத்துப் போகும். பருப்பு டப்பாவுல வேற யாரோட பேரோ இருக்கும். நான் எழுதற கோடும் அப்படித்தான். 2025 பிப்ரவரியில டெக்னிகலர் மூடினப்போ பெங்களூரு, மும்பையில கிட்டத்தட்ட 3,000 பேருக்கு வேலை போச்சு. அவங்க வரைஞ்சது மோசம்னு யாரும் சொல்லல. எங்கேயோ ஒரு நாட்டுல கணக்கு சரியா வரல, அவ்வளவுதான்.

அதனால பாப்பா, இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, மாமாவோட பதில் இதுதான். படி. ஆனா லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்கிட்டு 100 சதவீதம் வேலைன்னு போர்டு வெச்சிருக்கிற இடத்துல அவசரப்பட்டு சேராதே. முதல்ல ஒரு நல்ல டிகிரியில சேரு. வரையறதை ஒருநாளும் விடாதே. 'பிளெண்டர்' மென்பொருள் இலவசம், லேப்டாப் நான் வாங்கித் தரேன். அக்கா, நீ திட்டறதுன்னா என்னைத் திட்டு. இந்த வேலையில சம்பளம் நிலையா இருக்காதுன்னு நீ பயப்படறது நியாயம்தான், அதை நான் மறைக்கல. அவ நோட்டு போகிக்குப் போகக் கூடாதுன்னு மட்டும்தான் கேட்கிறேன்.

முதல் வேலையா தாத்தாகிட்ட போய் உட்காரு. அந்த ராத்திரியைப் பத்திக் கேட்டு ஃபோன்ல பதிவு பண்ணு. அவருக்கு 80 தாண்டிடுச்சு. அப்புறம் ஒரே ஒரு நிமிஷம் வரை. ஒரு மரம், ஒரு கை, வேரைத் தொடற கை. நல்லா வரலைன்னாலும் பரவாயில்ல. எனக்கு அனுப்பு.

கேட்டுக்கிட்டிருக்கிற நண்பர்களே, உங்க வீட்டுலயும் அப்படி ஒரு ராத்திரி இருக்கும். கேட்டு வையுங்க.