நகைக் கடனும் வீட்டு ஸ்திரீகளும்

(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



1904-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ்த் திருவள்ளூரை அடுத்த திரூரில் ஐக்கிய நாணய சங்கம் பதிவு செய்யப்பட்டது. அக்காலத்துக் கிராம சங்கங்கள் வரையறையற்ற பொறுப்பின் மீது நின்றவை. ஒருவர் பட்ட கடனுக்கு மற்றெல்லோரும் உத்தரவாதிகள். ஆகவே அடுத்த வீட்டுக்காரருடைய யோக்கியதையை ஒவ்வொருவரும் விசாரித்து அறிய வேண்டியிருந்தது. நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், வாக்குத் தவறாமையையும் குறிக்கும். சங்கத்தின் பெயரில் அது நிற்பது பொருத்தமே.

ஆனால் அந்த விசாரணை அன்று முதல் இன்று வரை வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடுகிறது. பட்டா புருஷன் பெயரில் இருக்கிறது; அதனால் அங்கத்தினரும் அவரே, மனுவில் கையொப்பம் இடுபவரும் அவரே. நாற்று நட்டுக் களையெடுத்து, விதை நெல்லைப் பூச்சி தட்டாமல் காத்து, அறுப்பு வரையில் அரிசி எத்தனை நாளைக்குக் காணும் என்று அறிந்தவரை ஒருவரும் கேட்பதில்லை. பால் சங்கங்களிலும் பல இடங்களில் இதே கதைதான். மாட்டைப் பராமரிப்பவர் ஒருவர், பணப் பட்டியலில் பெயர் உள்ளவர் மற்றொருவர்.

இதன் தீங்கு நகைக் கடனில் நன்றாக விளங்கும். ஒரு குடியானவர் மானாவாரிக் காட்டில் ஆழ்குழாய்க் கிணறு போட எண்ணி, மனைவியாரின் 4 பவுன் சங்கிலியைச் சங்கத்தில் வைத்துப் பணம் பெறுகிறார் என்று கொள்வோம். பக்கத்துக் காடுகளில் போட்ட குழாய்கள் எத்தனை வறண்டன என்பது அங்கே கூலிக்குக் களையெடுத்த மனைவியாருக்குத் தெரியும். அவரைக் கேட்டிருந்தால் கிணற்றை ஒரு வருஷம் தள்ளிப் போடச் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. தண்ணீர் வரவில்லை; தவணை மட்டும் தவறாமல் வருகிறது. ஏல நோட்டீசும் கடன் வாங்கியவர் பெயருக்கே வரும். சங்கிலிக்கு உரியவர் அதைத் தண்டோராப் போல ஊரார் வாயிலாகக் கேட்டறிகிறார்.

அந்தச் சங்கிலி யாருடையது? ஸ்திரீதனம் மனைவிக்கே முழுச் சொந்தம், கணவன் அதில் பங்காளி அல்லன் என்று 1985-ல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். சங்கத்துப் பேரேட்டில் இதைக் காட்டும் வரி ஒன்றும் கிடையாது. 2021-ல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக் கடன்களை, தகுதி பார்த்து, அரசாங்கத்தார் தள்ளுபடி செய்தனர்.

குறை ஒரு பக்கத்தில் மாத்திரம் இருப்பதாகச் சொல்வது நியாயமன்று. கைமாற்றுக் கடனைக் கணவர் வெட்கத்தால் மறைக்கிறார். சிறுவாட்டை மனைவியார் பயத்தால் மறைக்கிறார். தெரிந்தால் அதுவும் போய்விடும் என்பதே அந்தப் பயம். அது வீண் பயமும் அல்ல. முன்னொரு தரம் போயிருக்கும். விளைவு யாதெனில், அடுக்குப் பானையில் சில ஆயிரம் ரூபாய் சும்மா கிடக்க, அதே வீட்டார் தெருவில் மீட்டர் வட்டிக்கு வாங்குகிறார்கள். இரண்டு பேரும் வட்டி கட்டுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். ஒருவர் பணமாக, மற்றவர் மன வேதனையாக.

1989-ல் தருமபுரி ஜில்லாவில் தொடங்கிய மகளிர் குழுக்கள் நிலமும் நகையும் ஈடின்றி, வாராவாரம் கூடிச் சிறு தொகை சேர்த்த பழக்கத்தையே ஈடாகக் கொண்டன. எனினும் பெயரை மாற்றி எழுதினால் போதும் என்று பஞ்சாயத்தார் நினைக்க வேண்டாம். பெண்சாதி பெயரில் வாங்கிய குழுக் கடன் அன்று மாலையே புருஷன் கைக்குப் போவதும், தவணை நாளில் ஓடி அலைபவர் அவளாகவே இருப்பதும் எந்த ஊரில் இல்லை?

ஆகவே செய்யத்தக்கது இது. நகைக் கடன் மனு வரும்போது நகை யாருடையது என்று காரியதரிசி கேட்டு, உரியவரையும் வரவழைத்து, தொகை, வட்டி, தவணைத் தேதி மூன்றையும் அவர் காது கேட்கப் படித்துக் காட்டலாம். எழுத்தறியாதவருக்கு இது மிகவும் அவசியம். ரசீதின் நகல் ஒன்று அவர் கையில் இருக்கட்டும்; ஏல நோட்டீசும் இருவர் பெயருக்கும் போகட்டும். வேலை அதிகமாகும் என்று சில காரியதரிசிகள் முணுமுணுப்பார்கள். ஒரு மனுவுக்குக் கால் மணி நேரம் ஆகும். அம்மையார் வேண்டாம் என்று சொன்னால் மனுவை அன்று தள்ளிவைத்து, இருவரும் வீட்டில் பேசி வரும்படி அனுப்பலாம்; நகை அதுவரையில் கழுத்திலேயே இருக்கும்.