36 படங்களுக்குப் பிறகு
(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



ஒரே வாங்கில் இருந்து படித்த எங்கள் இருவரையும் கடலுக்கடியில் படம் எடுப்பதைப் பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். பிலிமை விட்டு டிஜிற்றலுக்கு மாறியதில் எங்களுக்குக் கிடைத்தது என்ன, கைவிட்டுப் போனது என்ன என்பதைச் சொல்கிறோம்.

அவுஸ்திரேலியாவில் நாங்கள் சுழியோடப் பழகிய காலத்தில் எங்களிடம் இருந்தது பழைய நிக்கோனொஸ் கமரா. 1963இல் அறிமுகமான வகை. பிரெஞ்சுக் கடலாய்வாளர் கூஸ்தோவின் முயற்சியால் உருவான கலிப்சோ கமராவின் வழிவந்தது. தனியாக உறை வேண்டாம். அப்படியே நீரில் இறக்கலாம். ஆனால் மீன் எத்தனை அடி தூரத்தில் நிற்கிறது என்பதைக் கண்ணால் மதித்து, நாங்களே குமிழைத் திருப்பி வைக்க வேண்டும். நீருக்குள் 4 அடியில் இருப்பது 3 அடியில் இருப்பதுபோலத் தெரியும். ஒளிமுறிவு என்று இதே கட்டடத்தில் படித்தது. எங்கள் பௌதிகவியல் ரீச்சர் கேட்டால் சந்தோஷப்படுவா.

ஒரு சுருளில் 36 படம். நீருக்கடியில் சுருள் மாற்ற முடியாது. 36 முடிந்த பிறகு திமிங்கிலச் சுறாவே வந்தாலும் கும்பிட்டுவிட்டு மேலே வர வேண்டியதுதான். வந்தாலும், கழுவி எடுக்கும்வரை என்ன விழுந்திருக்கிறது என்று தெரியாது. ஒரு பயணத்தின் 6 சுருள்களையும் ஒரு கடையில் பழுதாக்கிவிட்டார்கள். நட்டஈடாகத் தந்தது 6 புதுச் சுருள்கள்!

நிக்கோனொஸ் உற்பத்தி 2001இல் நின்றது. அதற்குச் சில வருடங்களின் பின் நாங்களும் மாறினோம். செலவு குறையவில்லை. கமராவைவிட அதன் அலுமினிய உறை விலை கூட. கமராவை மாற்றினால் உறையையும் மாற்ற வேண்டும். உறையின் றப்பர் வளையத்தில் ஒரு தலைமயிர் சிக்கினால் போதும், உப்புநீர் உள்ளே வந்துவிடும்.

ஆனாலும் எடுத்த படத்தை அந்த இடத்திலேயே பார்க்கலாமே! நீரில் மிதக்கும் தூசி பிளாஷ் வெளிச்சத்தில் பனி பெய்ததுபோல் விழும். பிளாஷைப் பக்கவாட்டில் நகர்த்தினால் குறையும். எவ்வளவு நகர்த்துவது என்பதைப் பிலிமில் பழக எங்களுக்கு இரண்டு வருடம் சென்றது. டிஜிற்றலில் ஒரு கிழமை. நிறமும் அப்படித்தான். ஆழம் போகப் போக முதலில் மறைவது சிவப்பு. இப்போது ஒரு வெள்ளைப் பலகையை அந்த ஆழத்திலேயே காட்டி, இதுதான் வெள்ளை என்று கமராவுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஆரம்பகால டிஜிற்றலில் சூரியன் மட்டும் சரிவரவில்லை. மேலே பார்த்து எடுத்தால் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் வெள்ளை வட்டம். பிலிமில் அது நீலத்தோடு மெல்லக் கரையும். அதற்காகவே கொஞ்சக் காலம் இரண்டையும் சுமந்தோம்.

2009இன் பின் நிலாவெளிக்கு வந்து புறாத்தீவுக் கடலில் இறங்கினோம். அங்கே எங்களுக்கு அதிகம் உதவியது எங்கள் கமரா அல்ல, எங்களுடன் படித்த ஒருவரின் தகப்பனார் 1980களின் தொடக்கத்தில் எடுத்த ஒரு பெட்டி ஸ்லைட்டுகள். ஒவ்வொன்றின் சட்டத்திலும் திகதி, இடம், ஆழம் எல்லாம் மையால் எழுதியிருந்தார். அவற்றில் ஒரு பாறையைத் தேடிப் பிடித்து அதே கோணத்தில் எடுத்தோம். பாறை இருக்கிறது, அதன்மேல் விரிந்திருந்த மான்கொம்பு முருகை இல்லை. காரணம் என்ன என்பதை இரண்டு படம் சொல்லாது. 1998இல் கடல் சூடாகி ஹிக்கடுவைப் பக்கத்து முருகைக்கற்கள் வெளிறி இறந்தது உலகறிந்த செய்தி. எங்கள் கிழக்கிலோ யுத்த காலம் முழுவதும் நீருக்குள் கமராவோடு இறங்கியவர்கள் மிகச் சிலர். இருக்கிற படங்கள் எங்கெங்கோ அலுமாரிகளில் கிடக்கின்றன.

அந்த ஸ்லைட்டை யன்னலில் பிடித்தால் இன்றும் தெரிகிறது. நாங்கள் முதலில் டிஜிற்றலில் எடுத்துச் சீடியில் பதிந்தவற்றில் சில இன்று திறக்க மறுக்கின்றன.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் தோழிகளே, அப்பாவின், மாமாவின் பெட்டியில் பழைய கடற்படங்கள் இருந்தால் எறியாதீர்கள். பூஞ்சணம் பிடித்திருந்தாலும் பரவாயில்லை. ஸ்கான் செய்த பிறகும் சட்டத்தைக் கழற்ற வேண்டாம். கையெழுத்து அதில்தான் இருக்கிறது. இன்று கொண்டுவந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் நூலகத்துக்கு வாருங்கள். ஸ்கானரோடு நாங்கள் 4 மணிவரை அங்கே இருப்போம்.