மதுவை விட்டவர் உண்ணும் முறை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

மதுவின் தீமையைப் பற்றி இம்மேடையில் முன்னரும் பலர் பேசியுள்ளனர். நம் நாட்டில் அப்பேச்சு மிகப் பழமையானது. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இராஜாஜி 1929-ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து "விமோசனம்" என்னும் பத்திரிகையை மதுவிலக்கின் பொருட்டே நடத்தினார். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு முதன்முதல் அமலுக்கு வந்தது. 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவிற்று; 1971-இல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையை அரசாங்கத்தின் வாணிபக் கழகமே நடத்தி வருகின்றது. சட்டம் வரினும் போகினும், தம் மனவுறுதியாலேயே குடியை விட்டொழித்தவர் எக்காலத்தும் உளர். அவர்களிடம் சென்று "குடியாதீர்" என்று கூறுதல் வீண். அதனை அவர்கள் நம்மினும் நன்கு உணர்ந்தவர்கள். "விட்டாயிற்று; இனி எவ்வாறு உண்பது?" என்பதே அவர்களுடைய வினா. அவ்வினாவுக்கு என்னால் இயன்ற விடையை இன்று கூற விழைகின்றேன்.

இஃது அற்ப விஷயம் அன்று. குடியை விட்டவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். "குடியை நிறுத்தினால் தொந்தி கரையும்" என்று ஊரார் அவருக்குச் சொல்லியிருப்பர். இரண்டு மாதம் கழித்து அவர் தராசின்மேல் ஏறி நிற்கின்றார். நிறை குறையவில்லை, சிலருக்கு இரண்டு கிலோ கூடியும் இருக்கின்றது. பழைய கூட்டாளிகள் நகைக்கின்றனர். "இதற்காகவா விட்டாய்?" என்கின்றனர். அந்நகைப்புக்கு ஆற்றாது மீண்டும் கடை வாயிலை மிதிப்பவர் உண்டு. ஆதலின், நிறையைப் பற்றிய அறியாமை ஒரு குடும்பத்தையே மறுபடியும் கவிழ்க்கக் கூடும்.

நான் சொல்லவந்த கருத்து இதுவே: குடியை விட்டவர் முதலில் உடம்பை ஊட்ட வேண்டும், அது நிலைபெற்ற பின்னரே இளைக்க முயல வேண்டும். இவ்வரிசை பிறழ்ந்தால் இரண்டும் கெடும்.

திருக்குறளில் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 95-ஆம் அதிகாரம் மருந்து. மருந்து என்னும் தலைப்பின்கீழ் ஆசிரியர் வேரையும் தழையையும் விரித்துரைக்கவில்லை. முன் உண்ட உணவு செரித்தமை அறிந்து, பசித்தபின் அளவோடு உண்பதையே பெரிதும் வற்புறுத்துகின்றார். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில் 94-ஆம் அதிகாரமாக நிற்பது சூது. குடியை விட்ட மறுநாளே பட்டினி கிடந்தும், விளம்பரப் பொடிகளை வாங்கி விழுங்கியும் பத்து நாளில் இளைக்கப் பார்ப்பது, என் சிற்றறிவுக்கு, அந்தச் சூதாகவே தோன்றுகின்றது.

இனி, யாவற்றுக்கும் முதலாக ஓர் எச்சரிக்கை. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர், வைத்தியரைக் கேளாமல் ஒரே நாளில் நிறுத்துதல் ஆபத்து. நிறுத்திய முதல் நாளிலேயே கைநடுக்கமும் வியர்வையும் தோன்றலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் மனம் பேதலித்து, இல்லாதவற்றைக் காணும் சன்னி தோன்றலாம். அஃது உயிரையும் போக்க வல்லது. இவற்றைத் தடுக்க மருந்து உண்டு. நம் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல மருத்துவரை அணுகலாம். 14446 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். இதில் வெட்கப்படுவதற்கு யாதுமில்லை.

மற்றொன்று. குடிப்பவர் வயிறு பருத்திருப்பதெல்லாம் கொழுப்பு அன்று. ஈரல் கெட்டு நீர் கோத்தாலும் வயிறு உப்பும், கைகால் மெலிந்து வயிறு மட்டும் பெருக்கும், காலும் வீங்கும், கண் மஞ்சளிக்கும். அது மகோதரம். அதனைப் பட்டினியால் கரைக்க முயல்வது பெரும் பிழை. அன்னோர் உடனே மருத்துவமனை செல்லல் வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். மாவுப் பொருளும் புரதமும் ஒரு கிராமுக்கு 4 கலோரி தரும். கொழுப்பு 9 கலோரி தரும். சாராயச் சத்து 7 கலோரி தரும். கடையில் விற்கும் 180 மில்லிலிட்டர் புட்டியில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்து எனக் கொண்டால், அதன் நிறை ஏறக்குறைய 61 கிராம். கலோரி சுமார் 425. நாளொன்றுக்கு ஒரு புட்டி வீதம் 30 நாளைக்கு 12,750 கலோரி ஆகும். உடற்கொழுப்பு ஒரு கிலோவுக்குச் சுமார் 7,700 கலோரி. எனவே, புட்டியை மட்டும் நீக்கி ஏனையவற்றை மாற்றாதிருந்தால், மாதம் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலாகக் குறைய வேண்டும் என்று ஏட்டுக் கணக்குச் சொல்லும்.

அங்ஙனம் பலர்க்குக் குறையாமை ஏன்? ஏனையவை மாறிவிடுகின்றன என்பதே காரணம். மதுவை இழந்த நாவும் மூளையும் இனிப்பை நாடுகின்றன. நம் ஊரிலோ அதற்குக் குறைவில்லை. முந்திரிப் பருப்பும் சர்க்கரையும் முட்டை வெண்கருவும் சேர்த்துச் செய்யும் மக்ரூன் 100 கிராமில் 400 கலோரிக்கு மேல் உண்டு. விட்ட புட்டி அவ்வளவில் ஏறக்குறையத் திரும்பி வந்துவிடுகின்றது. இரவில் மூன்று பொரித்த பரோட்டாவும் சால்னாவும் உண்டால், புட்டியின் கணக்கையும் கடந்துவிடுகின்றது. மதுவோடு தொட்டுக்கொண்ட வறுவலையும் மிக்சரையும், மது போன பின்னரும் கை தேடிக்கொண்டே இருக்கின்றது.

"அண்ணாச்சி, கருப்பட்டிதானே போட்டுக் குடிக்கிறோம்?" என்று சிலர் கேட்பர். உடன்குடிக் கருப்பட்டியின் பெருமையை நான் குறைத்துச் சொல்லேன். வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத சில தாதுக்கள் அதில் உண்டு. ஆயினும் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. பதநீரும் அப்படியே, வெயிலுக்கு ஒரு குவளை நன்று, செம்பு செம்பாக அருந்துதல் நன்றன்று. நீரிழிவு உள்ளவர் இரண்டிலும் கவனமாயிருத்தல் வேண்டும்.

எனினும், முதல் சில வாரங்களில் இனிப்பை முற்றும் விலக்குக என்றும் நான் கூறமாட்டேன். 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியை விட்டோர் கூடித் தமக்குள் ஒரு சங்கம் கண்டனர். அவர்கள் 1939-இல் வெளியிட்ட நூலில், குடிவேட்கை எழும்போது இனிப்பு உதவும் என்ற ஒரு வைத்தியரின் யோசனையைக் குறித்துள்ளனர். வேட்கை தாங்காத வேளையில் ஒரு கடலைமிட்டாய் வாயில் இடுவது, ஒரு புட்டி வாங்குவதைவிட ஆயிரமடங்கு மேல். அஃது ஊன்றுகோல், கால் வலுத்தபின் மெல்லக் கீழே வைத்துவிட வேண்டும்.

உடம்பினுள் நிகழ்வதையும் சிறிது அறிதல் நலம். சாராயத்தை உடம்பு சேமித்து வைக்க மாட்டாது. ஈரல் அதனை முதலில் எரித்தே தீர வேண்டும். துறைமுகத்தில் அழுகும் சரக்கேற்றிய கப்பலுக்கு முதலிடம் கொடுத்தால் ஏனைய கப்பல்கள் காத்துக் கிடப்பதுபோல, கொழுப்பு எரியாமல் காத்துக் கிடக்கின்றது, ஈரலிலும் படிகின்றது. குடியை நிறுத்தினால், நோய் முற்றாதவர்க்கு ஈரலில் படிந்த கொழுப்பு சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். தராசு காட்டாத நன்மை இது. நிறை குறையவில்லை என்று வருந்துவோர் இதனை மறவாதிருப்பாராக.

மேலும், மிகுதியாகக் குடித்தவர் பருத்திருப்பினும் சத்துக் குறைந்தவராயிருத்தல் கூடும். முக்கியமாகத் தயாமின் என்னும் பி1 உயிர்ச்சத்துக் குறையும். அது மிகக் குறைந்தால் கண் அசைவு தடுமாறும், நடை தள்ளாடும், நினைவு அழியும். 1890-களில் ஜாவாத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசியால் அவை தேறுவதையும் கண்டார். அதன் காரணம் பி1 சத்துக் குறைவே எனப் பின்னர் விளங்கிற்று. அவருக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் அச்சத்தில் ஒரு பகுதி அரிசியினுள் இறங்குகின்றது. நம் முன்னோர் உண்ட புழுங்கலரிசி அவ்வகையில் சிறந்தது. ஆனால், குடியால் நேர்ந்த குறைவை அரிசி மட்டும் நிரப்பாது. வைத்தியர் தரும் மாத்திரையோ ஊசியோ வேண்டும்.

இன்னொரு காரணமும் நம் கடற்கரைக்கே உரியது. பழைய துறைமுகத்தில் ஆழமின்மையால் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். சரக்கைத் தோணிகள் கொண்டுவரும். மூட்டைகளை மனிதர் முதுகு சுமக்கும். முத்துக்குளிப்போர் மூச்சடக்கி மூழ்கி எழுவர். 1961-உடன் இங்கு முத்துக்குளிப்பு நின்றது. 1974-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாயிற்று. பாரத்தை இன்று பெரிதும் யந்திரம் தூக்குகின்றது. உப்பளத்திலும் மீன்பிடி வள்ளத்திலும் கடும் உழைப்பு இன்னும் உண்டு. ஆனால் கடையிலும் அலுவலகத்திலும் அமர்ந்திருக்கும் நாம், மூட்டை சுமந்த பாட்டனாரின் அளவிலேயே சோறு உண்கின்றோம். உழைப்பு போயிற்று, இலை சுருங்கவில்லை.

ஆகவே கொள்ள வேண்டிய முறையைச் சுருக்கமாகக் கூறுகின்றேன்.

முதல் மூன்று மாதம் இளைப்பதை எண்ணற்க. மூன்று வேளையும் நேரந்தவறாது உண்க. பசியும், சினமும், தனிமையும், களைப்பும் குடிவேட்கையைக் கிளப்பும் நான்கு வாயில்கள் என அனுபவமுடையோர் கூறுவர். அவற்றுள் பசி ஒன்றே சமையலறையில் அடைக்கத்தக்கது. முன்பு குடிக்கப் புறப்பட்ட அந்தி வேளைக்கு அரைமணி முன்னர், ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு குவளை மோரும் உட்கொள்க. நிறைந்த வயிறு கடை வாயிலைக் கடந்து செல்ல உதவும்.

அதன்பின், மதிய இலையில் பாதி கீரையும் காயும் ஆகுக. கால் பங்கு சோறு. கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ ஆகுக. சாளையும் நெத்திலியும் விலை மலிந்தவை, சத்து மிகுந்தவை. பொரியாமல் குழம்பாக்கி உண்க. கருவாடு, ஊறுகாய், அப்பளம் இவற்றின் உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்தும், அளவு அறிக. இரவுணவை முன்னதாக முடிக்க. நாள்தோறும் முக்கால் மணி நேரம் கடற்கரைச் சாலையில் விரைந்து நடக்க. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். அதனினும் விரைவை விரும்பற்க. தராசோடு ஓர் அளவுநாடாவும் வைத்துக்கொள்க. இடைச் சுற்று ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80-க்கும் உட்பட்டிருத்தல் நம் நாட்டவர்க்கு நலம் என்பது மருத்துவர் துணிபு.

நீரிழிவுக்கு மருந்து உண்பவர், உணவைக் குறைக்குமுன் வைத்தியரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இன்றேல் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். பசியெடுக்க என்றும் உடம்பு தேற என்றும் அரிஷ்டம், ஆசவம் வாங்கி அருந்துவோரும் உளர். அவை புளிக்கவைத்துச் செய்யும் மருந்துகளாதலின் சாராயச் சத்து உடையவை. குடியை விட்டவர், அதிலும் குடிவெறுப்பு மாத்திரை உண்பவர், வைத்தியரைக் கேளாது அவற்றைத் தொடலாகாது.

வீட்டிலுள்ள தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. கணவனோ மகனோ குடியை விட்ட மகிழ்ச்சியில் நாள்தோறும் பலகாரம் செய்து ஊட்டுவது அன்பின் இயல்பு. ஆயினும் அளவு நன்று. அவர் உடம்பு இளைக்காததைச் சுட்டிப் பிறர் எள்ளும்போது, நீங்களும் உடன் நகையாதீர்கள். நூறு நாள் குடியாதிருந்தவர் நூறு கிலோ நிறையினராயினும், அவர் வென்றவரே.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். கலியாண வீட்டிலும் கோயிற்கொடையிலும் குடியை விட்டவரை ஒதுக்காமல், பந்தியில் முன்வரிசையில் அழைத்து அமர்த்துங்கள். அவர் இலையில் இனிப்பை இரண்டாம் முறை வற்புறுத்தி இடாதீர்கள். அவர் கையில் ஒரு குவளை மோர் கொடுங்கள்.