எந்தப் புஸ்தகம்? எந்தப் பக்கம்?

(ஹைஸ்கூல் மாணவர்கள் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



ஹைஸ்கூல் பிள்ளைகள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஆதாரம் காட்டுவது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். இது உபாத்தியாயருக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள சங்கதி, சுயமரியாதைக்காரருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நமக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை. ஏனெனில் நம் ஜனங்களைத் தலையெடுக்க வொட்டாமல் வைத்திருந்தது "பெரியோர் சொன்னார்கள்", "சாஸ்திரம் சொல்லுகிறது" என்கிற பேச்சுத்தான். எந்தப் பெரியவர்? எந்தச் சாஸ்திரம்? அதில் எந்த இடம்? என்று கேட்டவனுக்கு நாஸ்திகன் என்று பட்டம் கட்டினார்கள்.

அப்படிக் கேட்கத் துணிந்ததுதான் நம் இயக்கம். மனு சூத்திரனை எங்கே இழிவு செய்தார் என்று ஒருவர் மேடையேறிக் கேட்பாரானால், நாம் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. இருபிறப்பாளனைக் கடுஞ்சொல்லால் நிந்தித்த சூத்திரனின் நாக்கை அறுக்கச் சொல்லுவது மனுதர்மம், 8-வது அத்தியாயம், 270-வது சுலோகம்; 1886-ல் வெளிவந்த பூலரின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பிலும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அத்தியாயமும் எண்ணும் சொன்ன பிறகு கூச்சலுக்கு அங்கு இடமேது?

ஆதாரமில்லாத மேற்கோள் செய்யும் கேட்டிற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறோம். மெக்காலே 1835 பிப்ரவரி 2-ந் தேதி லண்டன் பார்லிமெண்டில் பேசினதாக ஒரு பேச்சு ஊரெங்கும் உலாவுகிறது. இந்தியா முழுவதும் சுற்றிப் பார்த்தாராம். ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ காணவில்லையாம். ஆகையால் இந்நாட்டின் பழைய கல்வியை உடைத்தாலன்றி இதை வெல்ல முடியாதென்றாராம். இதைப் பள்ளிப் பிள்ளையும் எழுதுகிறான், மேடைப் பிரசங்கியும் முழங்குகிறார். ஆனால் மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கினவர்; 1838-ல்தான் திரும்பிப் போனார். அந்தத் தேதியில் அவர் கல்கத்தாவில் கல்வியைப் பற்றிய தம் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். கல்கத்தாவில் இருந்தவர் அதே நாளில் லண்டனில் எப்படிப் பேசியிருக்க முடியும்? அவர் எழுதின குறிப்பு அச்சிலிருக்கிறது. அதில் இந்தப் பேச்சு இல்லை. இந்நாட்டு நூல்களை அவர் மட்டமாகப் பேசினதுதான் இருக்கிறது. அவரைக் கண்டிக்க விரும்புகிறவருக்கு அதுவே போதுமே!

இந்தப் பொய்யினால் லாபம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். பழைய காலம் பொற்காலம், அங்கே குறையே இல்லை என்று காட்ட வேண்டியவர்களுக்கு ஒரு வெள்ளைக்காரர் வாயிலிருந்தே சாட்சி கிடைத்துவிடுகிறது. தெருவில் நடக்கக்கூடாது, கிணற்றில் மொள்ளக்கூடாது, எழுத்தைப் படிக்கக்கூடாது என்று தள்ளி வைக்கப்பட்டவர்களின் கதை அந்தச் சாட்சியின் கீழ் புதைந்து போகிறது.

எதிரிகள்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று நாம் பெருமை கொள்ள வேண்டாம். ஒருவர் சொல்லும் கருத்து தமக்கு ஒப்பாவிட்டாலும் அதைச் சொல்லும் உரிமைக்காகத் தம் உயிரையும் கொடுப்பதாக வால்ட்டேர் சொன்னார் என்று பகுத்தறிவு மேடைகளிலேயே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். அந்த வாக்கியம் ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் என்ற அம்மையார் 1906-ல் டாலண்டயர் என்ற புனைபெயரில் வெளியிட்ட "வால்ட்டேரின் நண்பர்கள்" என்ற புஸ்தகத்தில் வருவது. வால்ட்டேர் இறந்ததோ 1778-ல். அவருடைய மனப்பான்மையை விளக்க அந்த அம்மையார் எழுதின வார்த்தைகளை, அவரே சொன்னதாக உலகம் எடுத்துக்கொண்டது. கருத்து நல்லதுதான். ஆனாலும் எழுதினவர் பெண். பெயர் போனது ஆணுக்கு! பெண்ணுரிமை பேசுகிற நாம் இதைத் திருத்திச் சொல்ல வேண்டாமா?

இனி, மாணவர்கள் செய்ய வேண்டியதென்ன? பிறருடைய வார்த்தையை எடுத்தால் எழுத்து மாறாமல் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். நடுவில் விட்டதற்குப் புள்ளி வைக்க வேண்டும். கருத்தை மாத்திரம் எடுத்துச் சொந்த நடையில் எழுதினாலும் அது யாருடையது என்று காட்டியே ஆக வேண்டும். சட்டையை மாற்றினால் பிறர் பிள்ளை நம் பிள்ளையாகிவிடாது. ஆசிரியர் பெயர், நூலின் பெயர், பதிப்பித்தவர், வருஷம், பக்கம் இவ்வளவும் வேண்டும். மொழிபெயர்ப்பானால் மொழிபெயர்த்தவர் பெயரும் வேண்டும். இணையத்தில் பார்த்ததானால் எழுதினவர், தலைப்பு, முகவரி, பார்த்த தேதி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கண்ணால் காணாத புஸ்தகத்தைக் கண்டதுபோல் எழுதாதிருப்பது. மனுவை இன்னொருவர் எடுத்துக் காட்டினதிலிருந்து எடுத்தால், "இன்னாருடைய இன்ன நூலில் கண்டபடி" என்று எழுதினால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. வள்ளுவர் சொன்னார் என்பதோடு நில்லாமல், அறிவுடைமை அதிகாரம், குறள் 423 என்று எழுதுங்கள். யார் வாயிலிருந்து வந்தாலும் மெய்யைத் தேடச் சொல்லும் அந்தக் குறளையே ஆதாரமில்லாமல் எழுதுவது வேடிக்கையல்லவா?

இப்போது கேட்டதும் கட்டுரை எழுதித் தரும் இயந்திரமும் வந்துவிட்டது. அமெரிக்காவில் நியூயார்க்கில் 2023-ல் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி தந்த வழக்குத் தீர்ப்புகளைப் பார்த்துச் சோதியாமல் கோர்ட்டில் ஆதாரமாகக் கொடுத்தார்கள். தேடிப் பார்த்தால் அப்படிப்பட்ட தீர்ப்புகளே கிடையாது! 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சாஸ்திரத்தைக் கண்ணை மூடி நம்பினவனுக்கும் இயந்திரத்தைக் கண்ணை மூடி நம்பினவனுக்கும் என்ன வித்தியாசம்?

ஆதாரம் காட்டுவது பெரியவர்களுக்கு அடிமைப்படுவதாகாதா என்று சிலர் கேட்கலாம். சாஸ்திரக்காரர் பெரியவர் பெயரைச் சொல்லுவது நம் வாயை மூட. நாம் பக்கத்தைக் காட்டுவது, போய்ப் பார், தப்பிருந்தால் என்னையே கண்டி என்று வாசகன் கையில் சாவியைக் கொடுப்பதற்கு. வாசகனைச் சமமானவனாக மதிக்கிறவன்தான் அந்தச் சாவியைக் கொடுப்பான். நூறு ஆதாரத்தில் ஒன்று பொய்யானாலும் மற்ற தொண்ணூற்றொன்பதையும் எதிரி அதைக் காட்டியே தள்ளிவிடுவான் என்பதையும் மறக்காதீர்கள்.

ஆகையால் தோழர்களே! நாம் சொன்னதையும் நாம் சொன்னோமே என்பதற்காக நம்பிவிடாதீர்கள். வருஷத்தையும் சுலோக எண்ணையும் சொல்லியிருக்கிறோம். நூல்நிலையத்திற்குப் போய் எடுத்துப் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.