கடல் நீர்நாயும் வெற்றுத்தாளும்

பரீட்சை நெருங்கினால் பல மாணவர்கள் செய்வது ஒன்றுதான். மஞ்சள் மார்க்கரால் பக்கம் முழுக்கக் கோடு போட்டுவிட்டு, அதையே திரும்பத் திரும்பப் படிப்பார்கள்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சூரியனைப் பற்றி ஒரு பாடம், கடல் நீர்நாயைப் பற்றி ஒரு பாடம். படிக்க 7 நிமிடம். பிறகு ஒரு பாடத்தை மாணவர்கள் மறுபடி படித்தார்கள். இன்னொன்றை மூடிவைத்துவிட்டு, நினைவில் இருந்ததை வெற்றுத்தாளில் எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்ததே முந்தியது. ஒரு வாரம் போனதும் கதை தலைகீழ்! எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் நினைவில் நின்றது; மறுபடி படித்ததில் 42தான். 2006இல் வெளியான ஆய்வு இது.

பாடப்புத்தகத்துக்கு இப்படி எழுதிப் பார்க்கும் வழி சரி. ஆனால் ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து வரிசையாகப் படித்தால் பாதியிலேயே கொட்டாவி வந்துவிடும். கணினி அறிவியல் பேராசிரியர் கேசவ் 2007இல் அதை மூன்று சுற்றாகப் படிக்கச் சொன்னார். முதல் சுற்றுக்கு 5 முதல் 10 நிமிடம்: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை. மேலே படிப்பதா வேண்டாமா என்பது அப்போதே தெரிந்துவிடும். இரண்டாவதில் வரைபடங்களின் அச்சுகளுக்குப் பெயர் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கச் சொல்கிறார். மூன்றாவதில் அந்த ஆய்வைத் தானே செய்வதுபோல மனத்துக்குள் நடத்திப் பார்க்க வேண்டும்.

கணக்குப் புத்தகம் தனி ரகம். 'எளிதில் நிறுவலாம்' என்று ஆசிரியர் நழுவும் இடத்தில்தான் பென்சிலை எடுக்க வேண்டும். அந்த ஒரு வரி சில சமயம் நோட்டில் ஒரு பக்கத்தையே தின்றுவிடும்.