மருந்தியல் கற்கும் முறை

'டுடோரியல்' என்றதும் நம் நாட்டில் பலருக்கு நினைவு வருவது, தேர்வில் தவறியவர் சேரும் தனிப்பயிற்சிக் கூடம். மருத்துவக் கல்லூரியில் அதன் பொருள் வேறு. நூற்றுக்கு மேற்பட்டோர் விரிவுரையாகக் கேட்ட பாடத்தைப் பின்னர்ச் சிறு குழுவினராய் அமர்ந்து, ஆசிரியரோடு வினாவியும் விடையிறுத்தும் ஆராய்வதே அங்கு டுடோரியல்.

நான் வாழும் செஞ்சிக்கு, முண்டியம்பாக்கத்திலும் புதுவையிலும் மருத்துவம் பயிலும் நம்மூர் இளைஞர் விடுமுறைதோறும் வருவர். அவர்களைப் பெரிதும் மருட்டுவது இரண்டாம் ஆண்டு மருந்தியல். மருந்தின் பெயர், செயல், அளவு, தீய விளைவு, எவருக்குத் தரலாகாது என்னும் விலக்கு ஆகியவற்றை நூற்றுக்கணக்கான மருந்துகளுக்கு நினைவில் இருத்த வேண்டும். உருப்போட்டுத் தேர்வில் தேறிவிடலாம். நோயாளிக்கு அது போதுமா?

ப்ரொப்ரனலால் என்னும் மருந்தைப் பாருங்கள். இதயத் துடிப்பைத் தணிக்கும், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று விரிவுரை சொல்லும். டுடோரியலில் ஆசிரியர் ஒரு வினாவை எழுப்புகிறார்: "இரத்தக் கொதிப்புள்ள ஒருவருக்கு ஆஸ்துமாவும் உண்டு. இதனைத் தருவீர்களா?" தருவேன் என்கிறார் ஒருவர், கூடாது என்கிறார் இன்னொருவர். ஏன் கூடாது? அட்ரினலின் இதயத்தை விரைவுபடுத்துவது. மூச்சுக் குழாயை விரிப்பதும் அதுவே. இரண்டு இடத்திலும் அதன் செயலை இம்மருந்து தடுத்துவிடும். குழாய் இறுகும், உயிருக்கே கேடு நேரலாம். வாதாடிக் கண்ட இவ்விலக்கை அவ்விருவரும் எளிதில் மறவார்.

இவ்வகுப்பு வேண்டுமென்றே நான் கேட்டவர்களுள் மிகுதியானோர் கூறினர். தமிழ் வழியில் பயின்று வந்த ஒரு மாணவி சொன்ன காரணம் என் நெஞ்சில் தைத்தது: "பெரிய கூடத்தில் ஆங்கிலத்தில் எழுந்து கேட்க நாக்கு வராது, பத்துப் பேரிடையே பிழையாகவேனும் பேசிவிடுவேன்." அரசுப் பள்ளி மாணவருக்கு 2020 முதல் தமிழ்நாட்டில் 7.5 விழுக்காடு மருத்துவ இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. இவரைப் போன்றோர்க்குச் சிறு குழு சலுகையன்று, தேவை.

குறையும் சொன்னார்கள். சிலவிடங்களில் முப்பது நாற்பது பேரை அமர்த்தி, வரிசை எண்படி வினாத் தொடுத்து, விடை தெரியாதவரைக் கடிந்துகொள்வதே டுடோரியலாம். அது வாய்மொழித் தேர்வேயன்றிக் கற்பித்தல் ஆகாது என்பதே என் கருத்தும். ஆயினும் ஏட்டைத் திறவாமலே வந்து அமரும் மாணவர்க்கும் இதில் பங்குண்டு. அதனை அவர்களே நகைத்துக்கொண்டு ஒப்பினர்! நோயாளியின் வரலாற்றை ஆசிரியர் முதல்நாளே தந்துவிட்டால் படித்துக்கொண்டு வருவோம் என்பது அவர்கள் வேண்டுகோள். அதற்கு ஆகும் செலவு ஒரு தாள்தான்.