மூச்சு வாங்காத வேகம்

1911-ல் பிரான்ஸில் பிறந்தவர் ராபர்ட் மார்ஷான். தீயணைப்பு வீரர், லாரி ஓட்டுநர், மரம் வெட்டுபவர் என்று பல வேலை பார்த்தவர். இளமையில் விட்ட சைக்கிளை அறுபது வயதுக்கு மேல்தான் மறுபடி எடுத்தார். 2012-ல், நூறு வயதில், பந்தயத் தளத்தில் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் மிதித்தார். 102 வயதில் அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர்! வயதும் ஏறியது, வேகமும் ஏறியது.

நடுவில் அவருக்குப் பயிற்சி வகுத்தவர் வெரோனிக் பில்லா என்ற உடலியல் பேராசிரியர். ஆண்டுக்கு ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு, அலட்டிக்கொள்ளாத மிதி, மீதிதான் கடினம். ஆக்சிஜனை உடல் பயன்படுத்தும் உச்சத் திறன் அவருக்கு 13 சதவீதம் கூடியிருந்தது. நூறு வயதைத் தாண்டிய உடம்பும் பயிற்சிக்கு இசைந்து கொடுக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

கனடாவில் வாழ்ந்த ஓட்டக்காரர் எட் விட்லாக்கும் இதே வழிதான். வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே மணிக்கணக்கில் மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓடுவார். வேகமெல்லாம் பந்தயத்தன்றுதான். 2004-ல், 73 வயதில், 2 மணி 54 நிமிடத்தில் மாரத்தானை முடித்தார். அவருக்கு முன்னால் எழுபதைக் கடந்த எவரும் மூன்று மணிக்குள் ஓடியதில்லை.

நம்மவர்கள் பலர் முதல் வாரமே மூச்சிரைக்க ஓடி, முழங்கால் வலி வந்து, அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்தில் வருபவரோடு தடையில்லாமல் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச்சு திக்கினால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சில் வலியோ அழுத்தமோ தெரிந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

முடிந்தவர்கள் ஓட்டம், சைக்கிள் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். ஓடும்போது கால் தரையில் மோதுகிறதே, அந்த அதிர்வு எலும்புக்கு நல்லது. சைக்கிளில் நம் எடையைச் சீட்டு தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அந்த வேலை குறைவு. ஆனால் மூட்டு நோகாமல் நெடுநேரம் போகலாம்.

சைக்கிளில் கிளம்புமுன் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். ஒரு பெடலைக் கீழே இறக்கி, அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். முழங்கால் மடங்கியே இருந்தால் சீட்டு தாழ்வு; அப்படியே ஓட்டினால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். நம் வீட்டுச் சைக்கிள்கள் பலவற்றில் இப்படித்தான் இருக்கிறது. ஒரு ஸ்பேனர் போதும், இன்று மாலையே சரிசெய்துவிடலாம்.